பேரன் நெஞ்சில் என் பங்கு

அன்பு மகளுக்கு,

அப்பா ஆசியுடன் எழுதுவது. இங்கே நானும் உன் அம்மாவும் சுகம். அங்கே நீயும் மாப்பிள்ளையும் சுகமா, பேரன் பொடியன் இப்போது மூச்சிரைக்காமல் பால் குடிக்கிறானா?

நேற்றும் சம்பந்தி போன் செய்தார். ஆஸ்பத்திரியில் நர்ஸே அவரிடம், "தாத்தா வந்தாத்தான் இவன் சமத்தா இருக்கான்" என்று சொன்னாராம். எனக்கு வயிறு எரிந்தது. அவருக்கு விசா கிடைத்தது, உங்களுக்குக் கிடைக்கவில்லை, அதற்கு அவர் என்ன செய்வார் என்கிறாள் உன் அம்மா. ஒன்றும் செய்ய வேண்டாம், போனில் பீற்றிக்கொள்ளாமல் இருந்தால் போதும். பிறந்த அன்றே மூக்கு எங்களுடையது, நிறம் எங்களுடையது என்று பட்டா போட்டுக்கொண்டவர்கள்தானே. காது மடலாவது நம்முடையது என்று நான் சொன்னதை யாரும் கண்டுகொள்ளவில்லை.

பிள்ளைக்கு இதயத் தசையில் ஒன்றல்ல, இரண்டு கோளாறு, ஓர் இடத்தில் தடித்திருக்கிறது, இன்னோர் இடத்தில் ஸ்பாஞ்ச் மாதிரி இருக்கிறது, இரண்டும் சேர்ந்து வருவது அபூர்வம் என்று டாக்டர் சொன்னதாக நீ சொன்னாய். நாளெல்லாம் சோபாவுக்கு ஸ்பாஞ்ச் வெட்டுகிறவன் நான். அன்றைக்கு என்னால் கத்தியைத் தொட முடியவில்லை, கடையை மூடிவிட்டேன். பிறகு குடும்பத்தில் எல்லோரையும் ஸ்கேன் எடுக்கச் சொன்னார்கள் அல்லவா, தடித்த தசை சம்பந்திக்கும் இருக்கிறதாம். "எங்க வம்சம்ங்க, அப்படியே என் நெஞ்சு" என்று பாதி அழுகையும் பாதிப் பெருமையுமாகச் சொன்னார். திட்டாதே, இதிலும் முந்திக்கொண்டாரே என்று எனக்குப் பொறாமையாகத்தான் இருந்தது.

இன்று என் ஸ்கேன் முடிவு வந்தது. மெத்தை தூக்கிக்கொண்டு மாடி ஏறுகிறவன், ஒரு நாளும் நெஞ்சு வலித்ததில்லை. ஆனால் அந்த ஸ்பாஞ்ச் என்னிடமும் இருக்கிறது. "பயப்படாதீங்க, மாத்திரையில பாத்துக்கலாம்" என்றார் டாக்டரம்மா. எனக்குப் பயமே வரவில்லை மகளே, சந்தோஷம் வந்தது. அவனிடம் என்னுடையதும் ஒன்று இருக்கிறதே என்று ஓட்டமாக வந்து உன் அம்மாவிடம் சொன்னேன். அவள் முகம் வெளுத்துவிட்டது. "உங்ககிட்டேர்ந்து நேரா அவனுக்கு எப்படிங்க போகும்? நடுவுல நம்ம பொண்ணு இருக்காளே" என்றாள். உடனே இதை எழுத உட்கார்ந்துவிட்டேன்.

பிள்ளையை விட்டு நகரமாட்டேன் என்று நீ மட்டும் இன்னும் ஸ்கேனுக்குப் போகவில்லை என்று மாப்பிள்ளை சொன்னார். நாளைக்கே போ. உனக்கும் அவனுக்கும் ஒரு குறையும் வராமல் இருக்கட்டும். பொடியனைச் சம்பந்தி மடியில் விட்டுவிட்டுப் போ, எவ்வளவு நேரமானாலும் அவரே வைத்திருக்கட்டும்.

உன் அப்பா