வினாத்தாளில் நான் சேர்த்த மூன்றாவது விடை

அன்பு மகளுக்கு அப்பா எழுதுவது. நீயும் மாப்பிள்ளையும் குழந்தையும் நலமாக இருப்பீர்கள் என்று நம்பித்தான் தொடங்குகிறேன். இங்கே நாங்களும் நலம் என்று எழுதி, பிறகு அடித்துவிட்டேன், மன்னித்துக்கொள்.

மூளையின் வலப்பாதி, இடப்பாதி இவற்றில் ஒருவர் எதை அதிகம் சார்ந்திருக்கிறார் என்று அறியும் வினாத்தாளைக் கல்லூரி உளவியல் துறைக்காகத் தமிழில் பெயர்க்கிறேன் என்று சொன்னேன் அல்லவா. மொழிபெயர்ப்பு சரிதானா என்று பார்க்க அதே ஆட்களிடம் இரண்டு வாரம் கழித்து அதே கேள்விகளைக் கேட்க வேண்டும், விடைகள் ஏறக்குறைய ஒத்துவர வேண்டும். நாற்பது பேரில் உன் அம்மாவையும் சேர்த்தேன். பதினான்காம் கேள்வி, ஒருவரைச் சந்தித்தபின் உங்களுக்கு நினைவில் நிற்பது முகமா, பெயரா என்பது. முதல்முறை பெயர் என்றாள், அடுத்த முறை முகம் என்றாள். என் வாக்கியம்தான் குழப்புகிறது என்று மாற்றி எழுதி மறுபடி கொடுத்தேன். ரெண்டும் இல்லைன்னு எழுத இடமே வைக்கலையே, என்ன வாத்தியார் நீங்க என்று சிரித்தாள். எனக்கு அது நியாயமாகப் பட்டது. 'இரண்டும் இல்லை' என்று மூன்றாவது விடையைச் சேர்த்துத் தாளைப் புதிதாக அச்சடித்து எல்லாரிடமும் மறுபடி வாங்கினேன். மூலத்தில் இல்லாததைச் சேர்க்கக் கூடாது என்று தெரிந்தேதான் செய்தேன்.

துறைத்தலைவி தாள்களைப் புரட்டினார், திட்டவில்லை. கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு, "மத்த முப்பத்தொம்பது பேரும் அந்தக் கட்டத்தைத் தொடவே இல்ல சார். கேள்வி முதல்லயே நல்லாத்தான் இருந்துச்சு. வீட்ல அம்மாவை ஒரு டாக்டர்கிட்ட காட்டுங்க" என்றார். நான் தலையாட்டிவிட்டு, பத்தொன்பதாம் கேள்வியில் ஒரு கால்புள்ளியைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தேன்.

சமையலறை டப்பாக்களில் உப்பு, சர்க்கரை என்று சீட்டு ஒட்டியிருக்கிறாள். எனக்காக ஒட்டியது என்றே இத்தனை நாள் நினைத்திருந்தேன். கேட்டதற்கு, பாப்பாகிட்ட சொல்லிடாதீங்க, வேலையை விட்டுட்டு ஓடி வந்து நிப்பா என்றாள். சரி என்று சொல்லிவிட்டுத்தான் இதை எழுதுகிறேன். வியாழக்கிழமை டாக்டரிடம் போகிறோம். அங்கேயும் அவளிடம் கேள்விகள் கேட்பார்களாம், பக்கத்தில் இருப்பவர் எடுத்துக்கொடுக்கக் கூடாதாம். வா என்று உனக்கு எழுதவும் தைரியமில்லை, வராதே என்று எழுதவும் தைரியமில்லை.

நீங்கள் மூவரும் குறையொன்றுமில்லாமல் இருக்க வேண்டும், அது போதும் எனக்கு. ஞாயிற்றுக்கிழமை அம்மாவிடம் போனில் பேசும்போது, நான் யாருன்னு சொல்லு பார்க்கலாம் என்று விளையாட்டுக்குக்கூடக் கேட்காதே. எடுத்ததும் உன் பெயரை நீயே சொல்லிவிடு.

உன் அப்பா