"யாரு பாத்தது?" என்று கேட்டவருக்கு

என்னங்க, தினேஷ் அப்பா,

கூப்பிட்டதும் "ம்" என்று சொல்ல மாட்டீர்கள், தெரியும். உயிரோடு இருந்தபோதே ரெண்டு மூணு தடவை கூப்பிட்டால்தான் திரும்புவீர்கள். பரவாயில்லை, கேட்டுக்கொண்டு மட்டும் இருங்கள். முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பயப்பட ஒன்றுமில்லை. நம் மகன் நன்றாக இருக்கிறான். இப்போது அடுப்படியில் உட்கார்ந்து ரொட்டி தின்றுகொண்டிருக்கிறான்.

இந்தத் தேயிலைத் தோட்டத்து லயத்தில் யார் என்ன சேதி கொண்டுவந்தாலும் "யாரு பாத்தது?" என்று கேட்டு வாயடைப்பீர்களே, ஞாபகம் இருக்கா? மலையில் சிறுத்தை வந்ததாம் என்றால், யாரு பாத்தது. புதுத் துரை வரப்போகிறாராம் என்றால், யாரு பாத்தது. தினேஷ் பிறந்தபோது, "ஆம்பளப் புள்ள" என்று சொன்ன தாதியம்மாவிடமே "நீங்க பாத்தீங்களா?" என்று கேட்ட ஆள் நீங்கள். அந்தம்மா பார்த்த பார்வையில், கட்டிலுக்கு அடியில் போய் ஒளிந்துகொள்ளலாம் போல இருந்தது எனக்கு. இந்த ஒரு கேள்வியால் எத்தனை பேரிடம் வாங்கிக் கட்டிக்கொண்டீர்கள்!

போன வாரம் தினேஷ் கொழும்பிலிருந்து லீவில் வருவதாகச் சொல்லியிருந்தான். இரவு பதுளை பஸ் ஏறினால் காலையில் வீட்டில் இருக்க வேண்டும். வரவில்லை. அவன் போனும் வேலை செய்யவில்லை. நான் பிள்ளைக் காம்பராவில், கொழுந்தெடுக்கப் போன தாய்மாரின் குழந்தைகளைத் தொட்டிலில் ஆட்டியபடி வாசலையே பார்த்துக்கொண்டிருந்தேன். கை ஆட்டியதே தவிர மனசு அங்கே இல்லை.

பின்னேரம் போல, கொழுந்து நிறுத்துவிட்டு வந்த பெண்கள் மாரில் அடித்துக்கொண்டு உள்ளே நுழைந்தார்கள். "பார்வதி, நம்ம புள்ள போயிருச்சேடி! வந்த பஸ்ஸு பள்ளத்துல விழுந்துருச்சாமேடி!" என்று காளியம்மா அக்கா என்னைக் கட்டிக்கொண்டு கதறினாள். அப்போது என் வாயில் என்ன வந்தது தெரியுமா?

"யாரு பாத்தது?"

சத்தியமாக நான் கேட்கவில்லை. நீங்கள்தான் கேட்டீர்கள். அதிர்ச்சியில் புத்தி பேதலித்துவிட்டது என்று ஒருத்தி என் தலையில் தண்ணீர் தெளித்தாள்.

"சந்தியிலருந்து லயம் வரைக்கும் சாவுக்கு வெள்ளைக் கொடி கட்டியிருக்கேடி, கட்டுன பயலுகதான் பஸ்ஸுன்னு சொன்னாங்க, கொடியப் பாத்துட்டுத்தான வாறோம்" என்றாள் காளியம்மா அக்கா. கொடி கட்டிய பையன்களும் பின்னாலேயே வந்து நின்றார்கள். அவர்களைக் கேட்டேன். "தினேஷ் வந்த பஸ்ஸுன்னு பக்கத்து வீட்டு செல்வி அக்கா கத்தி அழுதாங்க, அதான் கட்டுனோம்" என்றார்கள். சாவு வேலை என்றால் யாரும் சொல்லாமலே இறங்குகிற பிள்ளைகள். கோயில் அறையில் வெள்ளைத் துணி எப்போதும் தயாராக இருக்கும், எடுத்துக் கட்டிவிட்டார்கள்.

செல்வியைக் கேட்டேன். போனை நீட்டினாள். கவிழ்ந்து கிடக்கிற ஒரு பஸ்ஸின் படம். 'பதுளை பஸ், யாரும் தப்பவில்லை' என்று கீழே எழுதியிருந்தது. யார் அனுப்பினார்களோ, அவளுக்கே தெரியாது. மூக்கைச் சிந்திக்கொண்டே சொன்னாள்: "பயத்துலதான்க்கா கத்துனேன். சந்தேகமாத்தான் இருந்துச்சு. இவங்க எல்லாரும் அழுதுகிட்டு வரவுந்தான் உறுதின்னு தெரிஞ்சுச்சு."

கூத்தைப் பார்த்தீர்களா! அவள் அழுததால் கொடி. கொடியைப் பார்த்து இவர்கள் அழுகை. இவர்கள் அழுததால் அவளுக்கு உறுதி. ஒருத்தர்கூடப் பொய் சொல்லவில்லை. பொய் சொன்னவன் என்று ஒருவன் இருந்தால் பிடித்து நாலு கேள்வி கேட்கலாம். இவர்கள் என் மேல் உள்ள பாசத்தில் ஓடி வந்தவர்கள், இவர்களை என்ன சொல்லித் திட்டுவது?

இவ்வளவு கெட்டிக்காரியாக விசாரித்தவள் அடுத்து என்ன செய்தேன் தெரியுமா? வெளியே வந்தேன். தேயிலைக்கு நடுவே, பாதை நெடுக வெள்ளைத் துணி ஆடிக்கொண்டிருந்தது. உங்களுக்குக் கட்டிய அதே கம்புகள். அவ்வளவுதான். நானும் நம்பிவிட்டேன். மண்ணில் உட்கார்ந்து, என் பிள்ளையைப் பெயர் சொல்லி ஒப்பாரி வைத்தேன்.

அப்போது கீழே பாதையில் இன்னொரு சத்தம். "அம்மா! ஐயோ, அம்மா!" ஒரு காலில் மட்டும் செருப்போடு, தோளில் பை ஆட, ஒருவன் அழுதுகொண்டே ஓடி வந்தான். பஸ்ஸைத் தவறவிட்டு, விடிந்ததும் ரயில் ஏறியவன். போனில் சார்ஜ் இல்லாதவன். சந்தியில் இறங்கியதும் கொடியைப் பார்த்திருக்கிறான், அது நம் லயத்துப் பக்கம் திரும்புவதையும் பார்த்திருக்கிறான். அவனுக்கு இங்கே மிச்சம் இருப்பது நான் ஒருத்திதானே. செத்தது அம்மா என்று முடிவே கட்டிவிட்டான்.

என்னைப் பார்த்ததும் அப்படியே நின்றான். அவன் முகத்தையும் கையையும் காதையும் தடவிப் பார்த்தேன். முதுகில் பளாரென்று ஒன்று வைத்தேன். பிறகு கட்டிக்கொண்டேன். அப்பாடா! என் வயிற்றில் பால் வார்த்த நேரம் அது.

"வர்ற வழியில, யாரு செத்ததுன்னு ஒருத்தரயாச்சும் கேட்டியாடா?"

"கேக்கப் பயமா இருந்துச்சும்மா."

இதைத்தான் திரும்பத் திரும்ப நினைக்கிறேன். ஜனங்களுக்குப் புத்தி இல்லை என்று உங்களோடு சேர்ந்து நானும் சிரித்திருக்கிறேன். அவர்கள் கேட்காமல் இருப்பது புத்தி இல்லாமலா, பயந்துகொண்டா? தாதியம்மாவிடம் நீங்கள் கேட்டபோது உங்கள் கை நடுங்கிக்கொண்டிருந்தது. அப்படியானால் நீங்களும் பயந்துகொண்டேதான் கேட்டீர்களா?

அழுகை அடங்கிய பிறகு தினேஷ் அந்தப் படத்தை வாங்கிப் பார்த்தான். "பஸ்ஸோட கதவு வலது பக்கத்துல இருக்கு, நம்மூருல இடது பக்கந்தான. இது எந்த நாட்டு பஸ்ஸு, செல்வி அக்கா?" என்றான். செல்வி தலையில் அடித்துக்கொண்டாள். சாவு வீட்டுக்கென்று வாங்கி வந்த பிஸ்கட்டை அவனே பிரித்து, பிளேன்டீயில் தோய்த்துத் தின்றான். கொடி கட்டிய பையன்களும் கூட உட்கார்ந்து தின்றார்கள். இவ்வளவு சந்தோசமான சாவு வீட்டை நான் பார்த்ததில்லை.

செல்வி திருந்திவிட்டாள் என்று நினைக்காதீர்கள். நேற்று, "அக்கா, ஒரு வாரத்துக்கு கரண்டு இருக்காதாம்" என்று ஓடி வந்தாள். நான் வாயைத் திறப்பதற்குள் அவளே, "சரி சரி, நான் பாக்கல" என்று சிரித்துவிட்டுப் போனாள். கரண்டு இருக்கிறது.

கொடிக் கம்புகளையும் துணியையும் நம் வீட்டில் வாங்கி வைத்துவிட்டேன். இனி யார் கட்டுவதானாலும் முதலில் என் கதவைத் தட்ட வேண்டும், எனக்குப் பதில் சொல்ல வேண்டும்.

அவற்றைக் கட்டிலுக்கு அடியில் தள்ளும்போது ஒரு பைத்தியக்கார எண்ணம் வந்தது. உங்களுக்குக் கட்டியதும் தப்பாக இருந்திருந்தால்? நீங்களும் ஏதாவது ஒரு ரயிலில் தாமதமாக வந்துகொண்டிருந்தால்? ஆனால் அன்று உங்கள் தலை என் மடியில்தான் இருந்தது. யாரு பாத்ததுன்னு நீங்களே கேட்டாலும், நான்தாங்க பாத்தேன்.

ஒன்று மட்டும் சொல்லி வைக்கிறேன். என்றைக்காவது அங்கே, "உங்க பொண்டாட்டி வந்துட்டா" என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். நானே நேரில் வந்து உங்கள் கையைப் பிடிப்பேன். அதுவரைக்கும் இங்கே உங்கள் கேள்வியை நான் கேட்டுக்கொண்டிருப்பேன்.

இப்படிக்கு,
மகனைத் தொட்டுப் பார்த்துவிட்ட
உங்கள் தினேஷின் அம்மா,
பார்வதி