மூடியில் நிற்கும் துளி

ஷிங்கோ கண்ணா,

நீ சூரை மீன் பிடிக்கக் கடலுக்குப் போன நாளிலிருந்து, நம் வழக்கப்படி உன் பங்குச் சோற்றையும் கிண்ணத்தில் மூடி வைக்கிறேன். மூடிக்குள் துளி நின்றால் கடலில் நீ நலம். அப்பாவின் படகு மூழ்கிய அன்று அவர் மூடியில் துளி இல்லை.

இன்று உன் மூடியும் காய்ந்திருந்தது. ஓடிப்போய் உன் அத்தையிடம் காட்டினேன். அவள் திட்டினாள்.

"ஆறின சோத்தைப் போட்டா எப்படி அண்ணி வேர்க்கும்? உக்காந்து அழுதுட்டு அப்புறம் போட்டிருப்பீங்க."

உண்மைதான். சூடாகப் போட்டேன், வேர்த்தது. பயம் மட்டும் போகவில்லை.

"வந்தால் கூரையை மாற்றலாம்" என்று எழுதியிருக்கிறாய். அப்பாவும் அப்படித்தான் சொல்லிவிட்டுப் போனார். அடுத்த கடிதத்தில் "வந்ததும்" என்று எழுது.

அதுவரை பானையில் முதல் கரண்டி உனக்குத்தான். ஆறினதை நான் தின்றுகொள்கிறேன்.

உன் அம்மா