அறுகம் குடாவில் ஒருமுறை சொன்ன பெயர்

உங்கள் மேசை இழுப்பறை மறுபடியும் இறுகிக்கொண்டுவிட்டது. மழை பெய்தால் அதற்கு இதே பிழைப்பு. நேற்று பெரியவன் வந்து இழுத்துப் பார்த்துவிட்டு, "தூக்கிப் போட்டுடலாம்மா, சும்மா இடத்தை அடைச்சுக்கிட்டு" என்றான். எனக்கு வந்த கோபத்தை அவனிடம் காட்டவில்லை. அவன் போனபின் ஒரு மெழுகுவர்த்தியை எடுத்துவந்து, முட்டி வலியோடு கீழே உட்கார்ந்து, பலகை விளிம்பில் தேய்த்தேன். தேய்க்கத் தேய்க்க அந்த வாசனை வந்தது பாருங்கள், கை அப்படியே நின்றுவிட்டது. மந்தைவெளி ஃபிளாட்டில் உட்கார்ந்திருந்தவளுக்கு மூக்கில் சிலோன் கடல்.

எழுத வேண்டாம் என்றுதான் இருந்தேன். உடம்பெல்லாம் ஒரே அலுப்பு. நீங்கள் பாட்டுக்கு நிம்மதியாகப் போய்விட்டீர்கள். ஆபீஸ் ஆபீஸாக ஏறி இறங்குகிறவள் நான்தானே. இருந்தாலும் அந்த வாசனைக்கு அப்புறம் உங்களோடு பேசாமல் இருக்க முடியவில்லை.

எழுபதுகளின் நடுவில் நமக்குக் கல்யாணம். பனகல் பார்க் பக்கத்தில் உங்கள் வீட்டு ஜவுளிக்கடை, கடைக்கு மேலே வீடு, வீடு முழுக்க ஆள். நான் மயிலாப்பூரில் இரண்டே அறையில் வளர்ந்தவள். அங்கேகூட இவ்வளவு நெருக்கடி இல்லை. பகலில் உங்கள் முகத்தைப் பார்ப்பதே அபூர்வம். முகூர்த்த நாள் வந்துவிட்டால் நீங்கள் புடவை விரித்துப் போட்டே இடுப்பொடிந்து ராத்திரி மாடியேறுவீர்கள். "சாப்டியா?" என்பீர்கள். "ம்" என்பேன். அவ்வளவுதான் நம் சம்சாரம்.

கடையில் ஈ ஓட்டுகிற மாதம் ஆடி. உங்களுக்கு லீவு கிடைப்பதும் அப்போதுதான். ஆனால் ஆடி பிறந்தால் புதுப்பெண் அம்மா வீட்டுக்குப் போயாக வேண்டும். ஆடியில் ஒன்றாக இருந்தால் சித்திரையில் பிள்ளை பிறக்கும், அது குடும்பத்துக்கு ஆகாது என்று அத்தை கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். திருநெல்வேலியை விட்டு வந்து எத்தனையோ வருஷமாகியும் அவர் பேச்சும் மாறவில்லை, பிடிவாதமும் மாறவில்லை. நான் பெட்டியைக் கட்டிவிட்டேன். அப்போதுதான் அந்தப் பெரிய பொய்யை எடுத்துவிட்டீர்கள்: "அம்மா, கல்யாணம் நல்லபடியா முடிஞ்சா கதிர்காமத்துக்கு வாரேன்னு நேந்துக்கிட்டேன். திருவிழா ஆடியிலதான்." அடேயப்பா, அந்த முகத்தில்தான் எத்தனை பக்தி!

முருகன் விஷயத்தில் அத்தையால் மறுத்துப் பேச முடியவில்லை. உங்களையும் பார்த்தார், என்னையும் பார்த்தார். "போயிட்டு வாங்க. ஆனா வெரதமா போயி வெரதமா வரணும், கேட்டியாலே?" என்றார். நீங்கள் தலையைத் தலையை ஆட்டினீர்கள். சின்ன மச்சினர் கொல்லைப்பக்கம் ஓடிப்போய் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்.

எழும்பூரில் ரயிலேறி, ராமேஸ்வரத்தில் கப்பலேறி, அந்தக் கரையில் இறங்கி மறுபடி ரயில், பஸ் என்று பொத்துவில் போய்ச் சேர்வதற்குள் எனக்குப் பாதி உயிர் போய்விட்டது. உங்கள் அப்பாவின் பழைய சிநேகிதர், அந்த ஊர் ஜவுளி வியாபாரி ஒருவர், பக்கத்தில் அறுகம் குடாவில் கடலோரமாக இருந்த தன் தோப்பு வீட்டை நமக்காகத் திறந்துவிட்டார். கதிர்காமம் போகும் வழியில் நாலு நாள் இளைப்பாறல் என்று அவரிடம் சொல்லியிருந்தீர்கள். பெரிய மனுஷர், ஒன்றும் கேட்கவில்லை. "தம்பி, கடல்ல இழுவை இருக்கு. இடுப்புத் தண்ணிக்கு மேல போகாதீங்க" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார்.

அந்தக் குடாவில் வெள்ளைக்காரப் பையன்கள் நாலைந்து பேர் கூடாரம் போட்டிருந்தார்கள். பரட்டைத் தலை, அரை நிஜார். ஆளுயரத்துக்கு மேல் நீளமாய் ஒரு பலகையைத் தூக்கிக்கொண்டு கடலுக்குள் போவார்கள். அலை எழும்பும்போது அதன்மேல் ஏறி நின்றுகொண்டு கரைவரைக்கும் வழுக்கிக்கொண்டே வருவார்கள். மெரினாவில் கால் நனைத்துவிட்டுத் திரும்புகிற நாம் வாயைப் பிளந்து பார்த்தோம். அவர்களில் நெட்டையாக இருந்தவன் பலகைமேல் மெழுகுவர்த்தியைத் தேய்த்துக்கொண்டிருந்தான். "நம்ம வீட்ல வழுக்குறதுக்கு மெழுகு தேய்ப்போம். இவன் வழுக்காம நிக்கிறதுக்குத் தேய்க்கிறானாம், பாரேன்" என்று அதிசயப்பட்டீர்கள். அவனோடு கையாலும் தலையாலும் பேசிச் சிநேகமும் பிடித்துவிட்டீர்கள்.

அந்த நாட்களில் நாம் பேசிய பேச்சு! விரதம் என்ன ஆனது என்பது நமக்குள் இருக்கட்டும். ஆனால் உங்களுக்குப் புடவை வியாபாரம் பிடிக்கவே பிடிக்காது, கப்பலில் வேலை பார்க்கத்தான் ஆசைப்பட்டீர்கள் என்று எனக்கு அங்கேதான் தெரிந்தது. என்னைப் பெண் பார்க்க வந்தபோது நான் காபியைத் தட்டில் கொட்டியதைப் பார்த்துத்தான் சரி சொன்னதாகச் சொன்னீர்கள். அதைக் கேட்டு எனக்கு வெட்கமும் சிரிப்புமாக வந்தது.

அந்தக் காலைதான் எனக்கு மறக்கவே மறக்காது. வேட்டியைத் தார்ப்பாய்ச்சிக் கட்டிக்கொண்டு பலகைமேல் குப்புறப் படுத்தீர்கள். நெட்டையன் பின்னாலிருந்து தள்ளிவிட்டான். முதல் அலை உங்களைக் கொண்டுவந்து என் காலடியில் போட்டது. சின்னப் பிள்ளை மாதிரி கத்தினீர்கள். இரண்டு மூன்று தரம் அப்படியே. அதற்குள் துளிர்விட்டுப் போயிற்று உங்களுக்கு. அவன் ஈரத்தைத் துடைத்துக்கொள்ளக் கூடாரத்துப் பக்கம் போன நேரத்தில், நீங்களாகவே பலகையைத் தள்ளிக்கொண்டு போனீர்கள். "போதுங்க, வாங்க" என்றேன். கேட்டால்தானே.

ஒரு அலை புரட்டியது. பலகை மட்டும் தனியாகக் கரைக்கு வந்தது. உங்கள் தலை தூரத்தில் தெரிந்தது, அதுவும் கரைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு. உப்புத் தண்ணீர் கண்ணை மறைத்து, எந்தப் பக்கம் கரை என்று தெரியாமல் கடலைப் பார்த்துக் கைவீசிக்கொண்டிருந்தீர்கள்.

"என்னங்க! ஏங்க!" என்று கத்தினேன். உங்கள் வீட்டில் மூன்று மருமகள்கள். மூவருக்கும் அந்த ஒரே வார்த்தைதான். எந்த 'ஏங்க' எந்த ஆளுக்கு என்று அவரவருக்குத் தெரியும். கடலுக்குத் தெரியுமா? அந்தப் பையன்களும் நான் விளையாட்டுக்குக் கூப்பிடுகிறேன் என்று நினைத்துக் கையாட்டினார்கள். புருஷன் பெயரைச் சொன்னால் அவன் ஆயுள் குறையும் என்று என் அம்மா சொல்லி அனுப்பியிருந்தாள். அதுவரை ஒருவரிடமும் நான் சொன்னதில்லை. ரேஷன் கார்டுக்குப் பெயர் எழுத வந்தவரிடம்கூட முருகன் காலண்டரைக் காட்டியவள் நான். பழனிக்கும் கதிர்காமத்துக்கும் சொந்தக்காரர் பெயர்தானே உங்களுக்கு.

அடிவயிற்றிலிருந்து அந்தப் பெயரைக் கத்தினேன். ஒரே ஒருமுறை. நைலக்ஸ் புடவை காலில் சுற்றிக்கொண்டு நான் விழுந்ததும் அப்போதுதான்.

நீங்கள் திரும்பினீர்கள். என்னைப் பார்த்து நீந்த ஆரம்பித்தீர்கள். என் குரலிலிருந்த பயத்தைக் கேட்டு நெட்டையனும் பாய்ந்து வந்தான். உங்களைப் பிடித்து இழுத்துவந்து மணலில் போட்டான். குடித்த தண்ணீரையெல்லாம் வாந்தியெடுத்து முடித்ததும் நீங்கள் சொன்ன முதல் வார்த்தை நினைவிருக்கிறதா? "பேரைச் சொல்லிக் கூப்பிடுற சத்தம் கேட்டுதா, எங்கம்மா இங்கயும் வந்துட்டாளோன்னு பதறிப்போய்த் திரும்பினேன்." நான் அழுகையோடு உங்கள் முதுகில் நாலு அடி வைத்தேன். அப்புறம் கன்னத்தில் போட்டுக்கொண்டு, உங்கள் ஆயுளைக் குறைத்துவிட்டேனே என்று ஓவென்று அழுதேன். "அட பைத்தியமே, அதைக் கேட்டுத்தானே கரை இந்தப் பக்கம்னு தெரிஞ்சுது. எங்கே, இன்னொரு தடவ சொல்லு" என்றீர்கள்.

சொல்லவில்லை. கதிர்காமத்தில் கூட்டம் முழுவதும் அந்தப் பெயரைச் சொல்லி அரோகரா போட்டது. நான் மட்டும் வாயை இறுக்க மூடிக்கொண்டு நின்றேன். "சாமியையாவது கூப்பிடேன்" என்று காதோரம் கிண்டல் செய்தீர்கள். வீடு திரும்பியபோது அத்தை நம் கறுத்த முகங்களைப் பார்த்தார். என் புடவை மடிப்பிலிருந்து கொட்டிய மணலைப் பார்த்தார். "கதிர்காமத்துல ஏதுட்டி இம்புட்டு மணலு?" என்றார். அதோடு சரி, ஒருவரிடமும் மூச்சு விடவில்லை.

அப்புறம் எத்தனையோ ஆடி வந்தது. கடையில் ஆளில்லாத மத்தியானத்தில் மாடிக்கு வந்து, "இந்த ஆடிக்காவது சொல்லேன்" என்பீர்கள். "போங்க, வேலையைப் பாருங்க" என்பேன். மறுபடி அறுகம் குடாவுக்குப் போகலாம் என்றீர்கள். கடை போகவிடவில்லை, பிறகு அங்கே சண்டை வந்து கப்பலே நின்றுபோயிற்று. கப்பலில் போக ஆசைப்பட்ட மனுஷர் முழு ஆயுளையும் கல்லாவில் உட்கார்ந்தே கழித்தீர்கள். அதை நினைத்தால் இப்போதும் எனக்கு ஆற்றாமையாக இருக்கிறது.

கடைசியிலாவது கூப்பிட விட்டீர்களா? ரசஞ்சாதம் சாப்பிட்டுப் படுத்தவர். "என்னங்க, காபி" என்று நான் வந்து நின்றபோது நீங்கள் இல்லை.

இப்போது தினமும் உங்கள் பெயரைச் சொல்லுகிறேன். பாங்கில், கேஸ் ஆபீஸில், வாரிசுச் சான்றிதழுக்கு. கால் கடுக்க நின்று, கவுண்டர் கவுண்டராகச் சொல்லுகிறேன். குறைவதற்கு இனி ஆயுளும் இல்லை. இன்று காலை ஒரு ஆபீஸில், "வூட்டுக்காரர் பேர் இன்னாம்மா?" என்று கேட்டான். சொன்னேன். வரிசையே திரும்பிப் பார்த்தது. "இன்னாத்துக்கும்மா இப்டி கத்துற? நான் இங்கதான கீறேன்" என்று அலுத்துக்கொண்டான்.

அவனுக்காகவா கத்தினேன்? நீங்கள் எந்தப் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டிருக்கிறீர்களோ. கரை இந்தப் பக்கம் என்று உங்களுக்குத் தெரிய வேண்டாமா?