‘லேசு’ என்று சொன்னவளுக்கு

மச்சி,

இன்று காலை பக்கத்து வீட்டுப் பிள்ளை தன் கென்வஸ் சப்பாத்துக்கு வெள்ளை பூசி, எங்கள் மதிலில் காயவைத்திருந்தாள். நாளை பள்ளிக்கூடத்தில் ஓட்டப் பரிசோதனையாம். அந்த ஈர வெள்ளையின் மணம் மூக்கில் ஏறியதும் எனக்கு உன் மேல்தான் கோபம் வந்தது. நீ மௌத்தாகி, மண்ணுக்குள் போய் இத்தனை காலமாகியும் உன்னோடு சண்டை பிடிக்கும் எண்ணம் என்னை விட்டுப் போகவில்லை.

எண்பதுகளின் தொடக்கம். கல்முனையில் நம் வகுப்பில் கொழுத்த பிள்ளைகள் என்றால் நாம் இருவர்தான். நீ என் மாமி மகள். பெருநாளுக்கு நமக்குத் துணி கிழிக்கும்போது கடைக்காரர் கேட்காமலே ஒரு முழம் கூட்டிக் கிழிப்பார். வீட்டில் அதைச் செழிப்பு என்றார்கள். பள்ளியில் வேறு பெயர்கள் வைத்திருந்தார்கள். மாவட்ட விளையாட்டு விழாவுக்கு உடற்பயிற்சிக் குழு எடுக்கப்போகிறார்கள் என்று கேள்விப்பட்டதிலிருந்து நீ வேறு கதை கதைக்கவில்லை. வெள்ளைச் சப்பாத்து, சிவப்புப் பட்டி, முன் வரிசை. "நான் நிண்டு காட்டுவன், பாரு" என்றாய்.

புதிதாக வந்த உடற்பயிற்சி டீச்சர் மட்டக்களப்பு டவுனில் இருந்து வந்த தமிழ்ப் பெண்; நம் நோன்பு வழக்கங்கள் அவருக்கு அவ்வளவாகத் தெரியாது. நல்ல மனுஷி. மைதானத்தைச் சுற்றி ஓட வேண்டும், ஒவ்வொரு சுற்று முடிவிலும் அவர் "எப்படி?" என்று கேட்பார். லேசு, பரவாயில்லை, கஷ்டம் என்று ஏதாவது ஒன்றைச் சொல்ல வேண்டும். கஷ்டம் என்றவள் விலகிப் போய் நிழலில் இருக்க வேண்டியதுதான். கடைசிவரை ஓடியவர்களுக்குத்தான் குழுவில் இடம். பிள்ளைகளின் உடம்பைப் பிள்ளைகளே அறிவார்கள் என்று அவர் நம்பினார். அறிவோம்தான். உள்ளதை வாய்விட்டுச் சொல்லுவோமா என்று அவர் யோசிக்கவில்லை.

அன்று நீ ஆறு நோன்பில் இருந்தாய். பெருநாள் கழிந்து, கட்டாயமில்லாமல், சொட்டுத் தண்ணீரும் குடிக்காமல் பிடிக்கும் அந்தச் சுன்னத்தான நோன்பை நீ பிடித்திருப்பது எனக்கு மட்டும்தான் தெரியும். வழியில் வைத்து, "இண்டைக்கு விட்டுடு புள்ள, பிறகு பிடிக்கலாம்" என்றேன்.

"மனசில நிய்யத்து வெச்சிட்டன், இனி முறிக்க மாட்டன். நீ வாயைத் தொறந்தா உன்னோட கதைக்கவே மாட்டன்."

டீச்சருக்குச் சொன்னால் உன்னை ஓட விடமாட்டார். வகுப்பில் சொன்னால், "இந்த உடம்போட நோன்பா?" என்று சிரிப்பார்கள். கொழுத்த பிள்ளையும் பசித்திருக்கும் என்பதை அந்த வகுப்பில் யார் நம்பினார்கள்?

இரண்டாம் சுற்றிலேயே நான் "கஷ்டம்" என்றேன். எல்லோரும் சிரித்தார்கள். என் பின்னால் வந்த ஒல்லியான பிள்ளை "கஷ்டம்" என்று உட்கார்ந்தபோது கொப்பியால் விசிறினார்கள். நீ "லேசு" என்றாய். அடுத்த சுற்றிலும் லேசுதான். உன் உதடு வெளுத்திருந்தது. வியர்வை நின்றுபோயிருந்தது, அதுதான் என்னைப் பயமுறுத்தியது. நீ என்னைவிட வலுவானவள் இல்லை என்பது எனக்குத் தெரியும்.

டீச்சரே தண்ணீர்க் கோப்பையோடு உன்னிடம் வந்தார். "கொஞ்சம் குடியுங்க பிள்ள."

"வேணாம் டீச்சர். லேசாத்தான் இருக்கு."

அவர் முகம் மலர்ந்துவிட்டது. நிழலில் இருந்த எங்களைப் பார்த்து, "பாருங்க பிள்ளைகள், தண்ணியும் கேக்காம ஓடுறா. மனசுதான் வேணும்" என்றார். எனக்கு உண்மை நாக்கு நுனிவரை வந்தது. நீ அவர் தோளுக்கு மேலால் என்னை முறைத்தாய். வேறு ஒன்றும் செய்யத் தெரியாமல் நானும் எழுந்து ஓடிவந்து உன் பக்கத்தில் ஓடினேன். விழுந்தால் பிடிக்கலாம் என்று நினைத்தேன்.

"நில்லுகா, மௌத்தாகிடுவாய்!"

"வாயைப் பொத்து" என்றாய். அதைச் சொல்லி முடிக்கவே உனக்கு மூச்சுப் போதவில்லை.

கடைசி ஆளாக வந்தாய். ஆனால் ஓடி முடித்தாய். கைதட்டினார்கள். எல்லோருக்கும் சிரித்துக் காட்டிவிட்டு நடந்து வந்தவள், கிணற்றடிச் சுவருக்குப் பின்னால் வந்ததும் அப்படியே சரிந்தாய். முகத்தில் தண்ணீர் ஊற்றினேன். ஒரு சொட்டும் உள்ளே போகாமல் வாயை இறுக்கிக்கொண்டாய். பிறகு என் கையை இழுத்து உன் நெஞ்சில் வைத்தாய். கூடைக்குள் அடைத்த கோழி மாதிரி அது அடித்துக்கொண்டிருந்தது.

"இது நிண்டிருமா?" என்று கேட்டாய்.

"ஏன்கா சொல்லல்ல?" என்று நான் அழுதேன்.

"ஒல்லிப் புள்ள மூச்சு வாங்கினா தண்ணி குடுப்பாங்க. நாம மூச்சு வாங்கினா சிரிப்பாங்க."

விழாவில் நீ முன் வரிசையில் நடந்தாய். அழகாகத்தான் இருந்தாய். நானும் கை சிவக்கத் தட்டினேன். ஆனால் இப்போது சொல்கிறேன்: அன்று நீ தோற்றிருக்க வேண்டும். மறைத்தால் வெல்லலாம் என்று அந்த மைதானம் உனக்குப் பழக்கிவிட்டது. அதற்குப் பிறகு நீ எதையும் கஷ்டம் என்று சொல்லவில்லை. பிள்ளைப்பேற்றைச் சொல்லவில்லை. வீட்டு வேலையைச் சொல்லவில்லை. நெஞ்சு நொந்த அன்றும் வந்த விருந்தாளிகளுக்குச் சோறு வைத்து முடிக்கும்வரை மூச்சு விடவில்லை. ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகையில்கூட, "ஒண்டுமில்ல மகன், லேசான நோவுதான்" என்றாயாம். நான் செய்தி கேட்டு வந்து சேர்வதற்குள் உன்னைக் குளிப்பாட்டி முடித்திருந்தார்கள்.

எனக்கு இன்னும் அதே உடம்புதான். சந்தைக்குப் போகும் வழியில் மூச்சு வாங்கினால் நின்ற இடத்திலேயே நிற்கிறேன். "என்ன ராத்தா, நிண்டுட்டீங்க?" என்று யாராவது கேட்டால், "ஏலாது தம்பி, நெஞ்சு அடிக்குது" என்று ரோட்டுக்கே கேட்கும்படி சொல்கிறேன். சிலர் சிரிக்கத்தான் செய்கிறார்கள். யாரோ ஒரு கடைக்காரர் நான் உட்காரக் கதிரை எடுத்துப் போடுகிறார்.

கதிரை போடவும் ஆள் இருந்திருக்கிறது, மச்சி. நீ கேட்டுப் பார்க்கவே இல்லை.