இரண்டு பேருக்கும் சொன்ன ஓம்

அன்புள்ள றெஜினாவுக்கு,

தாய்க்கும் மகளுக்கும் தனித்தனியாக ஓம், சரி என்று சொல்லி மாட்டிக்கொண்ட உன் மனிசன் மரியதாஸ் கத்தாரிலிருந்து எழுதுவது. நான் சுகம். உன் முழங்கால் நோ மாதா கிருபையால் குறைந்திருக்கும். போனில் சொன்னால் ஸ்பீக்கரில் போட்டுவிடுவாய் என்றுதான், நாளை ஊருக்கு வரும் பாசையூர் அமலதாசிடம் இதைக் கொடுத்துவிடுகிறேன்.

போன கிழமை நீ, "இஞ்சாருங்கோ, பிள்ளை உயர்தரத்துக்கு உயிரியல் எடுக்கட்டும், டொக்டராகலாம்" என்றாய். ஓம் என்றேன். அடுத்த நாள் டிலக்சி உனக்குத் தெரியாமல் களவாகப் போன் எடுத்து, "அப்பா, எனக்குத் தவளை வெட்ட ஏலாது. வணிகம் படிக்கட்டே?" என்றாள். அதற்கும் ஓம் என்றுவிட்டேன்.

சாதாரண தரத்தில் ஒன்பது பாடம் எழுதியவள் இனி உயர்தரத்தில் மூன்றுதான் படிப்பாளாம். கம்பஸும் உத்தியோகமும் அந்த மூன்றிலேதானாம். அமலதாஸ் சொல்லித்தான் எனக்கே தெரியும். ஐந்தாம் வகுப்போடு வள்ளம் ஏறியவனைக் கேட்டால், இவ்வளவு தூரத்திலிருந்து ஓம் என்பதைத் தவிர வேறென்ன சொல்ல? திங்கட்கிழமை பள்ளிக்கூடத்தில் சொல்லியாக வேண்டுமாம். நீங்களே இருந்து கதைத்து முடிவெடுங்கள்.

அமலதாஸ் திரும்பும்போது மிளகாய்த்தூளும், பிள்ளை பள்ளிக்கூடச் சட்டையோடு நிற்கிற படமும் கொடுத்துவிடு. காகிதப் படம். போனில் விரல் பட்டதும் ஓடிவிடுகிறாள்.

எழுதிக்கொண்டிருக்கும்போதே டிலக்சி எடுத்தாள். "அப்பா, கலைப்பிரிவும் நல்லதாம். என்ன சொல்லுறியள்?" என்றாள். ஓம் என்றேன். அடுப்பில் சோறு அடிப்பிடித்துவிட்டது.