தாகத்துக்கு ஒரு தண்டனை

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதுவது. நானும் மாமாவும் நலம். உன் மகள் பிழைத்துவிட்டாள். போனில் சொன்னால் நடுவில் குறுக்கிட்டுக் கத்துவாய், பிறகு நானும் கத்துவேன். அதனால் எழுதுகிறேன். முழுதாகப் படி.

போன வாரம் பள்ளியில் வெயிலில் விளையாட விட்டிருக்கிறார்கள். முடிந்ததும் குட்டி, தரை துடைக்க வைத்திருந்த வாளியில் முகத்தைக் கவிழ்த்துக் குடித்திருக்கிறாள். ஆயா பார்த்து இழுத்திருக்கிறார். கொஞ்ச நேரத்தில் வலிப்பு வந்து விழுந்தாள். பிள்ளையின் தண்ணீர் பாட்டில் எங்கே என்று டீச்சரிடம் சண்டைக்குப் போனேன். "அவ அப்பாதாங்க போன் பண்ணி பாட்டில வாங்கி வைக்கச் சொன்னாரு, படுக்கைய நனைக்கிறத நிறுத்தணுமாம்" என்றார். "நாலு நாள் காயவிட்டா தானா பழகிடுவா" என்று வேறு சொன்னாயாமே! என்னிடம் வளரும் பிள்ளைக்கு, என்னை ஒரு வார்த்தை கேட்காமல் தண்ணீரை நிறுத்த உனக்கு எப்படியடா மனம் வந்தது?

ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா படம் வரைந்து விளக்கினார். மாடி மாடியாகத் தண்ணீர்க் குழாய் போடுகிறவன் நீ, உனக்குப் புரியும். சிறுநீரகம் இரத்தத்தை வடிகட்டும்போது ஏராளமான தண்ணீரும் சேர்ந்து இறங்கிவிடுகிறது. பெரும்பகுதி வழியிலேயே உடம்புக்குத் திரும்பிவிடும். மிச்சத்தை மீட்பது கடைசிக் குழாய்களின் வேலை. அந்தக் குழாய்ச் சுவரின் செல்களுக்குள் புரதத்தால் ஆன நுணுக்கமான வாசல்கள் இருக்கின்றன. அவற்றில் தண்ணீர் மட்டுமே, அதுவும் ஒன்றன்பின் ஒன்றாக நுழையும். உப்புக்குக்கூட வழி கிடையாது. உடம்பில் தண்ணீர் குறைந்தால் மூளையிலிருந்து ஒரு ஹார்மோன் வந்து சொல்லும். உடனே வாசல்கள் நகர்ந்து வந்து சுவரில் பொருந்தும், தண்ணீர் உள்ளே திரும்பும்.

நம் குட்டிக்கு அந்தப் புரதம் கோணலாக மடிந்தே உருவாகிறதாம். கோணலானதைக் குழாய்ச் சுவருக்கு அனுப்பாமல் செல் தனக்குள்ளேயே நிறுத்திவிடுகிறது. மூளை எவ்வளவு சொன்னாலும் பலனில்லை. அந்த ஹார்மோனை ஊசியாகவே போட்டுப் பார்த்தார்கள், அப்போதும் சிறுநீர் வெறும் தண்ணீராகத்தான் போனது. நிறையக் குடிப்பதால் அவளுக்குப் போகவில்லை தம்பி. போவதால் குடிக்கிறாள். நீ பாட்டிலைப் பிடுங்க வைத்தாய். போவது நிற்கவில்லை. இரத்தத்தில் உப்பு ஏறி மூளையைத் தாக்கிவிட்டது.

"எல்லாம் அவ அம்மா குடுத்த செல்லம்" என்று செத்துப்போனவளை இழுத்தாயே, இதையும் கேட்டுக்கொள். அம்மா, அப்பா இருவரிடமிருந்தும் கோளாறு சேர்ந்து வந்ததால்தான் இவளுக்கு இப்படியாம். பாதி உன்னுடையது. அவளால் பதில் சொல்ல முடியாது, நீ சொல்லு.

அடுத்த மாதம் விடுதியில் சேர்க்கப் போவதாகச் சொன்னாய். வார்டன் கண்டிப்பானவர், விளக்கை அணைத்துவிட்டால் ஒருவரும் குழாய்ப் பக்கம் போக முடியாது என்று பெருமை வேறு. அங்கே அனுப்பினால் பிள்ளையை உயிரோடு பார்க்க மாட்டாய். பெற்றவன் நீதான், கையெழுத்துப் போடும் உரிமையும் உன்னுடையதுதான். ஆனால் என் வாசற்படியைத் தாண்டி அவளைக் கூட்டிப்போக விடமாட்டேன். அதிர்ந்து பேசாத உன் மாமாவே, உன் பேச்சை எடுத்தால் தட்டைத் தள்ளிவிட்டு எழுந்துவிடுகிறார்.

மாத்திரை, உப்புக் குறைத்த சாப்பாடு, கைக்கெட்டும் தூரத்தில் எப்போதும் தண்ணீர். இவ்வளவுதான் வேண்டுமாம். மெத்தை நனைந்தால் வெயிலில் காயப்போட எனக்குக் கை இருக்கிறது.

ஒன்றுதான் என்னால் முடியவில்லை. கட்டிலுக்குப் பக்கத்திலேயே குடம் வைத்திருக்கிறேன். உதடு வெடித்துக் கிடக்கிறது, டம்ளர் கையில் இருக்கிறது, ஆனாலும் குடிக்காமல் என் முகத்தைப் பார்க்கிறாள். "அப்பாகிட்ட கேட்டீங்களா அத்தை?" என்கிறாள். கேட்டுவிட்டேன் என்று ஒவ்வொரு முறையும் பொய் சொல்கிறேன். அதன்பிறகுதான் வாயில் வைக்கிறாள்.

இதைப் படித்ததும் போன் செய். என்னிடம் ஒன்றும் பேச வேண்டாம், நேரே அவளிடம் கொடுத்துவிடுகிறேன். "குடிம்மா" என்று உன் வாயால் சொல். நீ நன்றாக இருப்பாய்.

உன் அக்கா